பெயருக்குத்தான் ஆளுநரா?

கேள்வி: ஐயா, ஹிட்லர் காலத்தில் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு ஆளுநராக இருந்த பிரான்ஸ் ரிட்டர் ஃபொன் எப் வெறும் பொம்மை, அதிகாரமெல்லாம் வேறு ஆட்கள் கையில் என்று வாசித்தேன். பழைய பட்டாளத்துக்காரர், பதக்கமெல்லாம் வாங்கியவர். அவரையும் நாசிகளோடு சேர்த்துத் திட்டுவது நியாயமா?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: பொம்மை என்பது பாதி சரி, தம்பி. ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்தபிறகு அவர் பேச்சு பெரிதாக எடுபடவில்லை. பவேரியாவில், மியூனிக் வட்டார நாசிக் கட்சித் தலைவர் அடோல்ப் வாக்னர் வைத்ததுதான் சட்டம். ஆனால் அந்த நாற்காலிக்கு அவர் வந்த வழியைப் பாருங்கள்.

1868ல் மியூனிக்கில் பிறந்தவர். சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக எழுந்த பொக்சர் கிளர்ச்சியை அடக்கப் போன படையில் இருந்தார். அப்புறம் 1904ல் ஜேர்மன் தென்மேற்கு ஆபிரிக்கா, இன்றைய நமீபியா. ஹெரெரோ மக்களைப் பாலைவனத்துக்குள் விரட்டி, தண்ணீர் இல்லாமல் சாகவிட்ட படை அது, அதில் இவர் ஒரு கம்பனிக்குத் தளபதி. ஹிட்லர் அப்போது பள்ளிக்கூடப் பையன், ஆகவே ஹிட்லர் கெடுத்துத்தான் இவர் கெட்டார் என்று சொல்ல வழியில்லை.

முதலாம் உலகப் போரில் பவேரிய மெய்க்காவல் படைப்பிரிவை நடத்தினார், நீங்கள் சொல்லும் பதக்கம் அங்கே கிடைத்ததுதான், வீரத்தை நான் மறுக்கவில்லை. போர் முடிந்ததும் தன் பெயரிலேயே ஒரு தனிப்படை திரட்டினார். 1919 மே மாதம் மியூனிக்கில் இடதுசாரிகள் அமைத்திருந்த ஆட்சியை ஒழிக்க வந்த படைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சில நாட்களில் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பின்னாளில் ஹிட்லரின் அடியாள் படைக்குத் தலைவனான ஏர்ன்ஸ்ட் ரோம் அப்போது எப்பின் கீழ் வேலை பார்த்தவன். 1920 டிசம்பரில் நாசிக் கட்சி தனக்கென்று ஒரு பத்திரிகை வாங்கியதே, அதற்கு இராணுவப் பணத்திலிருந்து 60,000 மார்க் கடன் போனது இவர் கை வழியாகத்தான். 1928ல் கட்சியில் சேர்ந்து நாடாளுமன்றமும் போனார்.

1933 மார்ச் 9 அன்று பவேரியாவின் மாநில அரசைத் தள்ளிவிட்டு பெர்லினிலிருந்த ஹிட்லர் அரசு இவரை ஆணையாளராக்கியது, ஆளுநர் நாற்காலிக்கு அதுதான் படி. அன்றைக்கே மியூனிக் பொலிஸ் ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தலைவன் ஹிம்லர் கைக்குப் போனது, நியமித்தவர் எப். பதின்மூன்றே நாளில் டாஹாவ் வதைமுகாம் திறந்தாயிற்று. தோட்டத்துப் பக்கத்து ஆளான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும், விரட்டுவது கங்காணி என்றாலும் செக்ரோலில், அதாவது ஆட்களின் பேர்ப் பதிவில், கையெழுத்து துரையுடையது. தெருச் சண்டைக்காரர்களை நம்பாத பவேரியாக்காரர்கள்கூட வெள்ளை மீசைத் தளபதியைப் பார்த்து, சரி, நம்ம ஆள்தானே என்று இருந்துவிட்டார்கள். ஹிட்லருக்கு அவரிடம் வேண்டியிருந்ததும் அதுதான்.

1934ல் கட்சியின் காலனிக் கொள்கை அலுவலகத்தையும் கொடுத்தார்கள். காலனிகளைத்தான் 1919லேயே பறிகொடுத்தாயிற்றே, கிழவருக்குப் பொழுதுபோக்கு!

கடைசியில் ஒரு வாய்ப்பும் வந்தது. 1945 ஏப்ரல் 28 அதிகாலை, கேர்ன்குரோஸ் என்ற கப்டன் ஆட்களோடு வந்து, போரை நிறுத்தச் சரணடையலாம், உங்கள் பெயரைத் தாருங்கள் என்று கேட்டார். ஆயுள் முழுக்க ஹிட்லருக்குக் கொடுத்த பெயரை அன்றைக்கு இவர் கொடுக்கவில்லை. கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடங்கியது, சேர்ந்தவர்கள் பலரைக் கொன்றார்கள். எப் அமெரிக்கர்களிடம் பிடிபட்டு, விசாரணை ஏதுமின்றிக் காவலிலேயே இறந்தார். திட்டுவது நியாயமா என்றால், நியாயம்தான்.

கேள்வி: எங்கள் தியத்தலாவையில் ஹிட்லரின் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்களாமே?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: ஜேர்மன்காரர்களை அடைத்தார்கள், எல்லோரும் ஹிட்லரின் ஆட்கள் இல்லை. போர் தொடங்கியதும் இலங்கையில் இருந்த ஜேர்மன் பிரஜைகளை வெள்ளைக்கார அரசு அங்கே கொண்டுபோய்ப் போட்டது, பௌத்த துறவிகள் உட்பட. அவர்களில் ஞானபோனிக தேரர் யூதர், ஹிட்லரிடமிருந்து தப்பி 1936ல் இங்கே வந்தவர். அவரையும் ஜேர்மன்காரர் கணக்கில்தான் எழுதினார்கள். பிறகு இந்தியாவின் டெஹ்ரா டூனுக்கு மாற்றி, போர் முடிந்த பிறகே விட்டார்கள். அவர் திரும்பி வந்து 1994ல் காலமாகும்வரை இலங்கையிலேயே இருந்தார், பெரும்பாலும் கண்டியில்.