ஹெக்ஸ் மேப்பைக் கையால் வரைவது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு. அதன் கற்பனை உலகுகளில் ஒன்றான மிஸ்டாராவுக்குப் பல வருடங்களாகக் கையால் ஹெக்ஸ் மேப், அதாவது அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம், வரைகிறேன். ஒரு கட்டம்தான் ஒரு ஹெக்ஸ். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கட்டம் ஏன் அறுகோணம்? சதுரம் போதாதா?

சதுரத்தில் நேராக நகர்ந்தால் ஒரு கட்டம். மூலைவாட்டில் நகர்ந்தால் உண்மையில் 1.41 கட்ட தூரம், அதையும் ஒன்று என்றே எண்ணிவிடுவோம். அறுகோணத்தில் பக்கத்துக் கட்டங்கள் ஆறுக்கும் ஒரே தூரம்தான்.

ஒரு ஹெக்ஸ் எத்தனை மைல் இருக்கலாம்?

இந்த விளையாட்டின் 1981 எக்ஸ்பர்ட் விதிப்புத்தகத்தின்படி சுமை இல்லாமல் நடப்பவர் ஒரு நாளில் 24 மைல் போவார். அந்த வருட மிஸ்டாரா மேப்பிலும் ஒரு ஹெக்ஸ் 24 மைல்தான், அதாவது ஒரு நாள் நடை. ஆனால் காட்டில் வேகம் மூன்றில் இரண்டு பங்கு, மலையிலும் சதுப்பிலும் பாதி. காட்டில் நடக்கும் கதாபாத்திரக் குழு 16 மைலில் கூடாரம் போடும்போது இன்னும் அதே ஹெக்ஸுக்குள்ளேயே நிற்கும். அதனால் 1987இல் தொடங்கிய, மிஸ்டாராவின் நாடுகளை விவரிக்கும் வரிசைப் புத்தகங்களின் 8 மைல் அளவுதான் எனக்குப் பிடித்தது. ஒரு நாளில் சமவெளியில் மூன்று ஹெக்ஸ், காட்டில் இரண்டு, மலையில் ஒன்றரை. மேஜையில் உட்கார்ந்து விரலாலேயே எண்ணிவிடலாம்.

24 மைல் ஹெக்ஸை 8 மைலாகப் பிரிக்கிறேன். பெரியதில் மலைக்குறி இருந்தால் சின்ன ஹெக்ஸ் எல்லாவற்றிலும் மலையா?

வேண்டாம். முதலில் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு என ஏழு சின்ன ஹெக்ஸ் முழுதாக உட்காரும். ஆறு முனைகளிலும் ஒவ்வொன்று, மூன்று பெரிய ஹெக்ஸுக்குப் பொதுவாக நிற்கும். அவற்றில் நம் பங்கையும் சேர்த்தால் பரப்பு ஒன்பது. அந்த ஏழில் நான்கோ ஐந்தோ மலையாகட்டும். மிச்சத்தில் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு கணவாய். முனை ஹெக்ஸில் அடிவாரக் குன்றுகள். பக்கத்து நிலத்தோடு மலை இயல்பாகக் கலப்பது அங்கேதான்.

வரையும்போது எதிலிருந்து தொடங்குவது?

கடற்கரை, அடுத்து ஆறு. மலையை அதற்குப் பிறகு வையுங்கள். என் ஆரம்ப மேப் ஒன்றில் மலைத்தொடரை மையில் அழகாக முடித்துவிட்டேன். பிறகு உள்நாட்டு ஏரியிலிருந்து கடலுக்கு ஆறு போக வழியே இல்லை. இரண்டு வார வேலையைக் கிழித்துப்போட்டேன். ஆறு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே கீழே இறங்கும், கழிமுகத்தில்தான் பிரியும். ஏரிக்குள் எத்தனை ஆறு வந்தாலும், வெளியேறுவது பெரும்பாலும் ஒன்றுதான். கடற்கரையையும் ஆற்றையும் சரியாக வைத்தால் மலை எங்கே நிற்கும் என்று ஆறே சொல்லிவிடும். ஈரக்காற்று வரும் திசையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பக்கச் சரிவில் காடு, மறுபக்கம் மழை மறைவில் வறண்ட புல்வெளி.

கரைக்கோடு ஹெக்ஸின் நடுவே போகிறதே?

போகட்டும். பாதிக்கு மேல் எது இருக்கிறதோ அதுதான் அந்த ஹெக்ஸின் நிலம். கட்டத்தின் ஓரத்துக்காகக் கரையை வளைத்தால் உலகம் தேன்கூடு போல் ஆகிவிடும்.

என்ன பேனா, என்ன பேப்பர்?

கட்டத்தை வெளிர் நீலத்தில் அச்சிட்டு அடியில் வைத்து, மேலே டிரேசிங் பேப்பரில் பென்சிலால் வரையுங்கள். திருப்தியானபின் கெட்டியான தாளுக்கு மாற்றி, நீரில் கரையாத பிக்மென்ட் மை பேனாவால் கோடு போடுங்கள். வாட்டர்கலர் பூசும் எண்ணம் இருந்தால் இந்த மை கட்டாயம், இல்லாவிட்டால் கோடு ஊறிப்போகும். மலைக்கு இடப்பக்கம் ஒரே கோடு, வலப்பக்கம் நான்கைந்து சாய்கீற்று. வெளிச்சம் எல்லா மலைக்கும் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும்.

வரைந்ததை விற்கலாமா?

மிஸ்டாரா விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்களின் ரசிகர் படைப்பு விதிப்படி, இலவசமாக மட்டுமே பகிரலாம், அதிகாரபூர்வமற்றது என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். அச்சான மேப்பை அப்படியே ஸ்கேன் செய்து போடாதீர்கள், உங்கள் கையால் புதிதாக வரைந்ததைப் போடுங்கள்.