சர்வர் கேள்வி பதில்: உடைத்துப் பார்த்துப் பழகுங்கள்

சர்வர் நிர்வாகம் கற்பவர்கள், கற்றுத்தருபவர்கள் இரு தரப்பிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மூன்று மாத லினக்ஸ் சர்வர் கோர்ஸ் முடித்திருக்கிறேன். இன்ஸ்டால் செய்ய, யூசர் உருவாக்க, அப்பாச்சி வெப் சர்வர் ஏற்ற எல்லாம் வரும். ‘சர்வர் பூட் ஆகாமல் நிற்கிறது, என்ன செய்வாய்?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் திணறிப் போகிறேன். வீட்டில் 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது. எப்படிப் பயிற்சி எடுப்பது?
*— வேலை தேடும் பட்டதாரி, தாம்பரம்*

கோர்ஸில் உங்களுக்குக் கட்டத்தான் கற்றுத்தந்திருக்கிறார்கள். வேலைக்குப் போனால் பாதி நாள் நின்றுபோனதை எழுப்புவதிலேயே கழியும். உங்கள் லேப்டாப் இதற்குத் தாராளம். விர்ச்சுவல்பாக்ஸில் மூன்று விஎம் (லேப்டாப்புக்குள் ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்) போடுங்கள்: தலா 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க். இரண்டில் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ், ஒன்றில் உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). கிராஃபிக்ஸ் திரை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று நேட் (இணையத்துக்கு), மற்றது ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்போடும் மற்ற விஎம்களோடும் பேச). கூடவே 1 ஜிபி அளவில் இரண்டு காலி டிஸ்க். எல்லாம் ஒழுங்காக ஓடியதும் ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிவர உதவும் நிலைப்பதிவு) எடுத்து வைத்துவிட்டு உடைக்க ஆரம்பியுங்கள்.

முதலில் எஃப்எஸ்டேப்: பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் ஃபைல். காலி டிஸ்க் ஒன்றை ஃபார்மேட் செய்து அதில் சேருங்கள். டிஸ்க்கின் அடையாளமான யுயுஐடியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு ரீபூட் கொடுங்கள். இல்லாத டிஸ்க்குக்காக சிஸ்டம் 90 நொடி காத்திருக்கும். பிறகு எமர்ஜென்சி மோடில் விழும். அங்கே ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். உபுண்டுவில் ரூட் கணக்கு வழக்கமாகப் பூட்டியே இருக்கும் என்பதால் அங்கே நடப்பது வேறு மாதிரி இருக்கலாம். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. உள்ளே போனபின் ஃபைலைத் திருத்த முடியவில்லை என்றால் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) ‘ரீட் ஒன்லி’யாக இருக்கிறது என்று பொருள், ரீமவுண்ட் செய்து எழுதும் உரிமை கொடுத்துவிட்டுத் திருத்துங்கள். எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன் ‘மவுண்ட் -ஏ’ கொடுத்துப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்துதான் வரும். டேட்டா டிஸ்க்குகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், அது இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும்.

அடுத்தது ரூட் பாஸ்வேர்டு மறந்த கதை. அல்மா அல்லது ராக்கியில் பூட் மெனுவான கிரப் திரையில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ஆர்டி.பிரேக்’ சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ். ‘சிஸ்ரூட்’டை (நிஜ சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும் இடம்) எழுதும் உரிமையோடு ரீமவுண்ட் செய்து, ‘சிரூட்’ கட்டளையால் அதற்குள் போய், பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லோரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில்தான்: ரூட் ஃபோல்டரில் ‘.ஆட்டோரீலேபல்’ என்ற காலி ஃபைலை உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலின் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) லேபிள் தவறிவிடும். புதுப் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. ஒரு முறை வேண்டுமென்றே அந்தப் படியை விட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

மூன்றாவது ஐநோட்: ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் ஒரு பதிவு. இரண்டாவது 1 ஜிபி டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் 65,536 ஐநோட்தான் கிடைக்கும். ஒரு லூப் எழுதிக் காலி ஃபைல்களாக உருவாக்கித் தள்ளுங்கள். டிஸ்க்கில் இடம் அப்படியே இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று எரர் வரும். ‘டிஎஃப் -ஐ’ கொடுத்தால் ஐநோட் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டும். நிஜ சர்வரில் இந்த வேலையைச் செய்வது அழிக்கப்படாத பிஎச்பி செஷன் ஃபைல்களும் மெயில் வரிசையும்தான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் ஐநோட் தேவைக்கேற்ப வளரும், அதில் இந்தப் பயிற்சி பலிக்காது.

நாமே உடைத்ததை நாமே சரிசெய்வதில் ஒரு குறை: எங்கே உடைத்தோம் என்பது தெரிந்தே இருக்கும். ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு மாற்றி மாற்றி உடையுங்கள். ஒரு மணி நேரம் போராடாமல் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். என்ன அறிகுறி, லாக்கில் எந்த வரி காட்டிக்கொடுத்தது, எது சரிசெய்தது என்று நோட்டில் எழுதுங்கள். இன்டர்வியூவில் அதைத்தான் கேட்கிறார்கள்.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் ‘டிஎஃப்’ 98 சதவீதம் என்கிறது. ஃபைல்களின் அளவைச் சொல்லும் ‘டியூ’ போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை. மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
*— லேப் பொறுப்பாளர், விருதுநகர்*

அழித்தது பெயரை மட்டும்தான். அந்த ஃபைலை ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் இடத்தை விடாது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (lsof +L1) கொடுத்தால் பெயர் போய் உயிர் மட்டும் இருக்கிற ஃபைல்கள் வரிசையாக வரும். எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறதோ அதை ரீஸ்டார்ட் செய்தால் 40 ஜிபியும் ஒரே நொடியில் திரும்பும். ஓடுகிற லாக்கை ஆர்எம் கொடுத்து அழிக்காமல், ட்ரங்கேட் செய்து உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்குவதே முறை.

அப்படி எதுவும் இல்லையென்றால், மவுண்ட் ஆன இடத்துக்கு அடியில் பாருங்கள். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஓர் இரவில் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால், மொத்தமும் ரூட் டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். மறுநாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அது கண்ணில் படாது, டியூவுக்கும் எட்டாது. ரூட் ஃபோல்டரை வேறோர் இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்தால் அகப்படும். இஎக்ஸ்டி4 ரூட் கணக்குக்கென்று 5 சதவீதம் ஒதுக்குவதையும் சொல்லிக்கொடுங்கள். 1 டிபி டேட்டா டிஸ்க்கில் அதுவே 50 ஜிபி.

புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஓடுகிற சர்வர்களில் எப்போது, எந்த அளவுக்கு உரிமை கொடுக்கலாம்? ஒருவர் ஃபயர்வால் மாற்றப் போய் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டார்.
*— பனியன் ஏற்றுமதி நிறுவன ஐடி மேலாளர், திருப்பூர்*

அவரைத் திட்டிப் பயனில்லை. கதவைச் சாத்துவதற்கு முன் சாவியை வெளியே வைக்க யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் லாக் படிக்க மட்டும் உரிமை. ரூட் பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம், ஆளுக்கொரு கணக்கு, ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சுடோவில் குறிப்பிட்ட கட்டளைகள் மட்டும். இரண்டாம் மாதம் டெஸ்ட் சர்வரில் பேட்ச் போட விடுங்கள். அதன் பிறகும், மாற்றத்தோடு ‘தவறினால் எப்படிப் பின்வாங்குவேன்’ என்று இரண்டு வரி எழுதித் தராதவரை ஓடுகிற சர்வரைத் தொட அனுமதிக்காதீர்கள்.

தொலைவிலிருந்து செய்யும் மாற்றங்களுக்கு மூன்று பழக்கங்கள் கட்டாயம். தொலைவிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக்கை மாற்றினால் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (sshd -t) கொடுத்துச் சரிபார்த்து, ரீஸ்டார்ட் செய்தபின் பழைய செஷனை மூடாமல் புதிய விண்டோவில் உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். போர்ட்டை மாற்றினால் எஸ்இலினக்ஸிலும் அந்தப் போர்ட்டைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வீஸ் எழாது. ஃபயர்வால்டியில் (லினக்ஸின் ஃபயர்வால் சேவை) ‘பெர்மனென்ட்’ போடாமல் முதலில் ரன்டைமில், அதாவது ரீலோட் ஆகும்வரை மட்டும் நிற்கும்படி, மாற்றுங்கள். அதற்கும் முன்பே ‘அட்’ கட்டளையில் 10 நிமிடம் கழித்து ஃபயர்வால் ரீலோட் ஆகும்படி வைத்துவிடுங்கள். வெளியே தள்ளப்பட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். பழைய விதிகள் தானாகத் திரும்பியிருக்கும். உபுண்டுவில் ஐபி மாற்றுவதற்கு ‘நெட்பிளான் ட்ரை’ இருக்கிறது: 120 நொடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேல் சர்வர் நின்றாலும் தொலைவிலிருந்து கையாள உதவும் ஐட்ராக், ஐஎல்ஓ போன்ற மேலாண்மை போர்ட்டில் கேபிள் செருகி, பாஸ்வேர்டு மாற்றி, தனி விலேனில் (பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) வைத்திருக்கிறீர்களா? பல இடங்களில் அது காலியாகத்தான் இருக்கிறது.

ரெய்டு 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்கும் அமைப்பு) இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. 4 டிபி டிஸ்க் நான்கு.
*— மருத்துவமனை ஐடி ஊழியர், தஞ்சாவூர்*

ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் சாவதிலிருந்து மட்டும். யாரோ தவறாக அழித்தாலும் ரான்சம்வேர் பூட்டினாலும் அதே நொடியில் நான்கு டிஸ்க்கிலும் அது நடந்துவிடும். நிர்வாகத்திடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

ரெய்டு 5-க்கே வருவோம். உங்களுக்கு 12 டிபி கிடைக்கிறது, ஒரு டிஸ்க் போனால் தாங்கும். புது டிஸ்க் போட்டு ரீபில்டு ஓடும்போது மிச்ச மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும், அதுவும் 12 டிபி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் படிப்புப் பிழை விகிதம் ஏறக்குறைய 12.5 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் மருத்துவமனைப் பதிவுகளை அந்த நம்பிக்கையில் விட முடியாது. அதே நான்கு டிஸ்க்கில் ரெய்டு 6 என்றால் 8 டிபிதான், ஆனால் எந்த இரண்டு போனாலும் தாங்கும். மாதம் ஒரு முறை பேட்ரோல் ரீட் (டிஸ்க்குகளைப் படித்துச் சரிபார்க்கும் சோதனை) ஓடட்டும். தூங்குகிற பிழைகள் ரீபில்டுக்கு முன்பே எழுந்துவிடும்.

பேக்கப்பில் மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. மாதம் ஒரு நாள் புது ஊழியரிடம் ஒரு டேட்டாபேஸைக் கொடுத்து வேறு விஎம்மில் மீட்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். மீட்க எத்தனை மணி நேரம் என்று நிர்வாகம் கேட்டால், அப்போதுதான் சொல்ல ஒரு எண் இருக்கும்.

நீண்ட மின்வெட்டுக்குப் பின் விண்டோஸ் டொமைனில் பாதிப் பேருக்கு லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டு சரிதான்.
*— கூட்டுறவு அலுவலக ஊழியர், நாமக்கல்*

கடிகாரத்தைப் பாருங்கள். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். லாகின்களைக் கையாளும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் ‘டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்’ கொடுங்கள். ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ என்று வந்தால் அது யாரையும் கேட்காமல் தன் போக்கில் ஓடுகிறது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் மின்வெட்டுக்குப் பின் தேதியே மாறியிருக்கும்.

கன்ட்ரோலர் விஎம்மாக இருந்தால் இன்னொரு சுழலும் உண்டு: விஎம் நேரத்தை ஹோஸ்டிடம் கேட்கும், ஹோஸ்ட் டொமைனிடம் கேட்கும். இரண்டும் கைகோத்துக்கொண்டு தவறான நேரத்துக்குப் போகும். டொமைனின் நேரத்துக்கு ஆதாரமான பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் உள்ள கன்ட்ரோலரை மட்டும் வெளி என்டிபி (சரியான நேரம் சொல்லும்) சர்வரோடு கட்டி, அந்த விஎம்மில் ஹோஸ்ட் நேர ஒத்திசைவை நிறுத்துங்கள்.

ரெட் ஹேட்டா, மைக்ரோசாஃப்ட்டா? எந்தச் சான்றிதழ்?
*— மாணவி, திருநெல்வேலி*

அடித்தளத்துக்கு ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ. முழுக்கச் செய்முறைத் தேர்வு, 300-க்கு 210 எடுக்க வேண்டும். ரீபூட்டுக்குப் பின் நிற்காத செட்டிங்குக்கு மதிப்பெண் கிடையாது. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை இறக்கி விண்டோஸ் டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரியும் பழகிக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்தை எடைபோட எளிய வழி பாடத்திட்டம்தான். 2021 ஜனவரி 31-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்ட எம்சிஎஸ்ஏ சான்றிதழையோ, 2024 ஜூன் 30-இல் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸையோ இன்னும் விற்கிறார்கள் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

சர்வர் அறைக்கு ஏசி எத்தனை டன்? யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்?
*— தனியார் பள்ளி நிர்வாகி, ஓசூர்*

1 டன் ஏசி ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். உங்கள் ரேக் (சர்வர்கள் அடுக்கிய அலமாரி) 2 கிலோவாட் இழுத்தால் கணக்குப்படி 1 டன் போதும், ஆனால் சுவர், ஜன்னல் வழியே வரும் வெயிலுக்காக 1.5 டன்னில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும். 16-இல் வைத்து மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும் ‘ஆட்டோ ரீஸ்டார்ட்’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உள் யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்ட விடாதீர்கள். வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் சொட்டுவது அங்கேதான்.

யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கினாலும் ஏசி அதில் ஓடாது. 20 நிமிடத்தில் சிறிய அறை அடுப்பாகிவிடும். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்வரை, அது இல்லையென்றால் எல்லா விஎம்மும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்வரை தாங்கினால் போதும். அந்த ஷட்டவுனுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கும்போதே ஷட்டவுன் தொடங்கும்படி வையுங்கள். பழைய பேட்டரி 10 சதவீதம் என்று காட்டிவிட்டு மறுநொடியே கைவிடும்.