யூபா சிட்டியில் வீடு வாங்கலாமா?

தம்பி, கலிபோர்னியாவுல சாக்ரமெண்டோவுல வேலை, பக்கத்து ஊரான யூபா சிட்டியில வீடு பார்த்திருக்கேன், கிரீன் கார்டு இன்னும் வரலை, வாங்கலாமா, சுத்தி ஒரே பஞ்சாபிக்காரங்க, ஒட்டுமான்னு கேட்டிருந்தீங்க.

வாங்கலாம். எச்-1பி வேலை விசாவுல இருக்கும்போதே நானும் வாங்கினேன். விசா எப்ப முடியுதுன்னு பேங்க்ல துருவுவாங்க, அவ்வளவுதான். 1925-ல இங்க ஒரு சிங் விவசாய நிலம் வாங்கலாமான்னு கேட்டிருந்தா, கூடாதுன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும்.

ரயில் ரோடு, மரம் அறுக்கிற மில், தோட்டம்னு 1900-களோட தொடக்கத்துல வந்தவங்க இந்தப் பஞ்சாபிக்காரங்க. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவங்க விவசாய நிலம் வாங்கக் கூடாதுன்னு கலிபோர்னியா 1913-லயே சட்டம் போட்டுடுச்சு. 1923-ல பகத் சிங் திண்ட் வழக்குல (நம்ம தூக்குமேடை பகத் சிங் இல்லை, இவர் அமெரிக்க ராணுவத்துல இருந்தவர்) இந்தியர் வெள்ளையர் இல்லை, அதனால குடியுரிமை கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லவும், இவங்களும் வசமா மாட்டினாங்க. உழைப்பு, காசு எல்லாம் இவங்களோடது, பத்திரம் மட்டும் அடுத்தவர் பேர்ல. நம்பகமான வெள்ளைக்காரர் பேர்ல, இல்லேன்னா இங்கயே பொறந்த புள்ளைங்க பேர்ல.

புள்ளைங்க எப்படின்னு கேப்பீங்க. ஊர்லேருந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர 1917 சட்டம் வழி விடலை. பல பேர் மெக்சிகோ பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்க. நான் வந்த புதுசுல எங்களுக்கு பீச் பழம் தர்ற பெரியவர் ஒருத்தர் அப்படிப் பொறந்தவர். ஒரு நாள் சப்பாத்திக்குள்ள சீஸும் வெங்காயமும் வெச்சு மடிச்சு, கல்லுல போட்டு, ஓரம் முறுகினதும் கையில குடுத்தார். இதுக்கு என்ன பேருன்னேன். "அம்மா பண்றது"ன்னார்.

1946-லதான் குடியுரிமைக் கதவு திறந்துச்சு. அதுலயும் வருஷத்துக்கு 100 இந்தியர்தான் புதுசா வரலாம். ஆனா பத்தே வருஷத்துல, 1956-ல, தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்குல விவசாயம் பார்த்த தலீப் சிங் சௌந்த் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே ஜெயிச்சுட்டார்!

வீடு விஷயத்துல ஒண்ணு. 1955 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டினதும் ஃபெதர் ஆத்தங்கரை உடைஞ்சு ஊர் மூழ்கியிருக்கு. வெள்ள இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்னு கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

ஒட்டுமான்னா, நவம்பர் முதல் ஞாயிறு நடக்குற சீக்கியர் ஊர்வலம், நகர் கீர்த்தனுக்கு வாங்க. கைக்குட்டையைத் தலையில கட்டிக்கோங்க, வண்டியை ரொம்பத் தள்ளி நிறுத்துங்க. சாப்பிடாம வாங்க.