பூதத்துக்கு உயிர் இல்லை என்று பைத்தான் சொல்வது ஏன்

பைத்தான் நிரல்மொழியில் நீங்கள் எழுதும் விளையாட்டில், பூதத்தை வாளால் வெட்டிய உடனே 'பூதம் ஆப்ஜெக்டுக்கு உயிர் என்ற அட்ரிபியூட் (அதற்குள் வைத்திருக்கும் மதிப்பு) இல்லை' என்று எரர் வருவதாக எழுதியிருந்தீர்கள். வெட்டும் ஃபங்ஷன் சரியாகத்தான் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சிக்கல் பூதம் உருவாகும் இடத்தில்.

பூதம், பாத்திரம் என்ற தாய் கிளாஸின் பிள்ளை கிளாஸ். பாத்திரம் கிளாஸின் இனிட்டில்தான் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) பெயரும் உயிரும் வைத்திருக்கிறீர்கள். பூதத்துக்குத் தனியாக ஒரு இனிட் எழுதி, அதில் கோபத்தை மட்டும் வைத்துவிட்டீர்கள். பிள்ளை கிளாஸில் இனிட் இருந்தால் பைத்தான் அதோடு நின்றுவிடும். தாய் கிளாஸின் இனிட்டை அதுவாகப் போய்க் கூப்பிடாது, நாம்தான் கூப்பிட வேண்டும். பூதத்தின் இனிட்டில் முதல் வரியாக இதைப் போடுங்கள்:

super().__init__(பெயர், உயிர்)

அடைப்புக்குள் செல்ஃப் (அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும் பெயர்) வேண்டாம், அது தானாகவே போய்விடும். போட்டால் 'மூன்றுதான் வாங்குவேன், நான்கு வந்திருக்கிறது' என்ற பொருளில் டைப் எரர் வரும். பழைய பைத்தான் 2 பாடங்களில் சூப்பருக்குள் கிளாஸ் பெயரையும் செல்ஃபையும் எழுதியிருப்பார்கள். பைத்தான் 3-ல் அது தேவையில்லை.

அப்புறம், பூதத்தின் இனிட்டும் பெயர், உயிர், கோபம் மூன்றையும் வாங்க வேண்டும். பூதம்("மொட்டை", 30, 5) என்று உருவாக்கிப் பாருங்கள்.

இனிட்டின் இரு பக்கமும் அண்டர்ஸ்கோர் இரண்டிரண்டு இருக்கிறதா என்றும் ஒருமுறை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது வெறும் சாதாரண ஃபங்ஷன்தான், பைத்தான் அதைத் தானாக ஓட்டாது.

அடுத்து பைகேம் (பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் லைப்ரரி) பக்கம் போகப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே திரையில் தெரியும் உருவங்களுக்கான ஸ்ப்ரைட் கிளாஸிலும் இதே கதைதான்: அதன் பிள்ளை கிளாஸில் சூப்பரைக் கூப்பிடாமல் ஸ்ப்ரைட்டுகளைச் சேர்த்து வைக்கும் குரூப்பில் சேர்த்தால் அட்ரிபியூட் எரர் வரும். மாற்றிய பிறகும் எரர் வந்தால் ட்ரேஸ்பேக் (எந்த வரியில் எரர் என்று பைத்தான் காட்டும் செய்தி) முழுவதையும் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.