வாரம் இரண்டு நாள்தான் ஆபீஸ்: காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வர முடியுமா?

வணக்கம் ஐயா.

உங்கள் மகளுக்கு சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் என்று ஹெச்ஆர் போனில் சொல்லியிருக்கிறார்கள். காட்பாடியில் சொந்த வீடு இருக்கும்போது சென்னையில் எதற்கு ஹாஸ்டல், இரண்டு நாள்தானே, ரயிலில் போய்வந்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கோ பெண் ராத்திரி தனியாகத் திரும்பி வருவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலையை விட வேண்டாம். ஆனால் முதல் ஆறு மாதம் அவள் சென்னையில் தங்கட்டும். அதன்பிறகு காட்பாடியிலிருந்து போய்வரலாம், அதையும் ஒரு குறிப்பிட்ட முறையில். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் வழியைப் பார்ப்போம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். இது எல்லோருக்கும் தெரியும், அதனால் மனசுக்குள் "இரண்டரை மணி நேரம்" என்றே கணக்குப் போட்டுவிடுகிறோம். மீதி அப்புறம்தான் தெரியவரும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். சென்ட்ரலில் இறங்கி சுரங்கப்பாதையில் நடந்து பார்க் டவுன் ஸ்டேஷனுக்குப் போய், வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலைப் பிடித்து, திருவான்மியூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குப் பேருந்து. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் காலை நேரத்தில் வண்டி எப்படி ஊர்கிறது என்பதைப் பார்த்தால்தான் புரியும். எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு ஆபீஸ் என்றால் ஐந்தரைக்கு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஓஎம்ஆர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதில் எந்த இடம் என்பதுதான் பெரிய விஷயம். ஆபீஸ் டைடல் பார்க் ஐடி வளாகத்தில் என்றால் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். சிறுசேரி சிப்காட் ஐடி பூங்கா அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து வருகிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். உங்கள் மகளுக்கு வந்திருக்கும் சோழிங்கநல்லூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

திரும்பி வருவதுதான் இன்னும் கஷ்டம். காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய், மாலையில் அதே வண்டியில் ஊர் திரும்புகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் பலருக்கு ஆபீஸ் பாரிமுனையிலோ எழும்பூரிலோ இருக்கும். அந்த வண்டி மாலை ஆறு மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடும். சோழிங்கநல்லூரில் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடுகிறவளால் அதைப் பிடிக்கவே முடியாது. அதற்குப் பிறகு மேற்கே போகிற மெயில் வண்டிகள்தான். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது. முன்பதிவில்லாத பெட்டியில், வெளியூர் போகிற கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு வர வேண்டும். வீடு வந்து சேர ராத்திரி பத்தரை, பதினொன்று ஆகும். அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை.

150 கிலோமீட்டர் வரை ரயில்வே மாத சீசன் தருகிறது. காட்பாடி அதற்குள் வந்துவிடுகிறது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே பணத்தைப் பொறுத்தவரை போய்வருவது மலிவுதான். செலவாவது நேரமும் உடம்பும். மாதம் எட்டு நாள் ஆபீஸ், ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரப் பயணம் என்றால் மாதம் 64 மணி நேரம். அதாவது எட்டு வேலை நாள் அளவுக்குச் சம்பளமில்லாத உழைப்பு. இதோடு பயணத்துக்கு மறுநாள் வீட்டிலிருந்து வேலை என்றால் அன்று காலை அவள் எப்படி இருப்பாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆபீஸ் நாள்கள் இரண்டும் அடுத்தடுத்து வந்தால், செவ்வாய் காலை கிளம்பி, அன்று இரவு சென்னையில் தங்கி, புதன் மாலை திரும்பலாம். மாதம் எட்டு முறை போய்வருவது நான்கு முறையாகும். 64 மணி நேரம் 32 ஆகிவிடும். சித்தி வீடோ, கல்லூரித் தோழியின் அறையோ, நாள் வாடகைக்கு இடம் தரும் லேடீஸ் ஹாஸ்டலோ ஒன்று இருந்தால் போதும். தமிழ்நாடு அரசின் "தோழி" மகளிர் விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன; குறுகிய நாள்களுக்கு இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதனால் எத்தனை நாள் ஆபீஸ் என்பதைவிட, எந்த நாள்கள், அந்த நாள்களை யார் முடிவு செய்வது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. திங்களும் வியாழனும் என்று சொன்னால் இந்தக் கணக்கு அப்படியே உடைந்துபோகும். என் அனுபவத்தில் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. "வாரம் இரண்டு நாள்" என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வேலை செய்யும் இடம் சென்னை என்று இருக்கும். கம்பெனி விருப்பப்படி எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கும். ஹெச்ஆர் போனில் சொன்னது இன்றைய நடைமுறை, அவ்வளவுதான். அந்த நடைமுறை மாறும். 2023 அக்டோபரிலிருந்து டிசிஎஸ் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சிலிருந்து ஒரு குறிப்பிட்ட நிலையிலும் அதற்குக் கீழேயும் உள்ளவர்கள் மாதம் குறைந்தது பத்து நாள் வர வேண்டும் என்றது. அமேசான் 2025 ஜனவரியில் ஐந்து நாள் என்று ஆக்கியது. இவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுதிக் கொடுக்காத சலுகையை நம்பி வீட்டுக் கணக்கைப் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் உங்கள் மகளை ஒரே ஒரு கேள்வியை வைத்து யோசிக்கச் சொல்லுங்கள்: இந்த இரண்டு நாள் அடுத்த வருடம் ஐந்து நாளாக மாறினாலும் இந்த வேலை எனக்கு வேண்டுமா? வேண்டும், அப்போது சென்னையிலேயே தங்கிக்கொள்வேன், சம்பளம் அதற்குத் தாங்கும் என்றால் தைரியமாகச் சேரலாம். வீட்டிலிருந்து வேலை என்பதற்காக மட்டும்தான் இது பிடித்திருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். பல ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். விதி மாறியபின் வேறு வேலை தேடி வெளியே வருவதற்குள் மூன்று மாதம் அந்த அலைச்சலைப் பட்டே ஆக வேண்டும். இரண்டு வருட பாண்டு (இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) கேட்டிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சம்பளம் தாங்குமா? வருடம் 4.2 லட்சம் சிடிசி (அவளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 12-ஆல் வகுத்து 35,000 என்று நினைக்காதீர்கள். கம்பெனி போடும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். அவள் பங்கு பிஎஃப்பும் பிடிப்பார்கள். வேலைத் திறனைப் பொறுத்துத் தரும் வேரியபிள் பே இருந்தால் இன்னும் குறையும். கைக்கு 29,000 வந்தால் நல்லது. ஓஎம்ஆர் பக்கம் சாப்பாட்டோடு பகிர்ந்து தங்கும் அறைக்கு 7,000 முதல் 10,000 வரை கேட்கிறார்கள். மற்ற செலவெல்லாம் போனாலும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சும். ஆக, ஐந்து நாள் ஆனாலும் தாங்கும். இதே கணக்கு மாதம் 16,000 சம்பளமாக இருந்தால் நான் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன்.

இப்போது முதல் ஆறு மாதம் ஏன் சென்னையில் என்கிறேன் என்று சொல்கிறேன். வேலை கற்றுக்கொள்கிற காலம் அது. பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியர் எப்படித் தப்பைக் கண்டுபிடிக்கிறார், கிளையண்ட் கோபமாகப் பேசினால் டீம் லீட் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். தன் குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவர்கள் எழுதிய நிரல் பற்றிக் கூடுதலான கருத்துகள் கிடைத்தன. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பலன் இன்னும் அதிகம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் சீனியருக்கு மெசேஜ் போடப் புதிதாகச் சேர்ந்த பெண் தயங்குவாள். தயங்கித் தயங்கி ஒரு நாள் முழுக்க வீணாகும். ஆகவே அந்த ஆறு மாதம் இரண்டு நாள்தான் கட்டாயம் என்றாலும் நான்கு நாள் ஆபீஸ் போகட்டும். பல இடங்களில் டிரெய்னிங் முடியும்வரை தினமும் வரத்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு காட்பாடிக்கு வருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. சீனாவின் டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்விலோ வேலைத் தரத்திலோ குறைவு தெரியவில்லை. இதில் அதிகம் பலன் பெற்றவர்கள் பெண்கள், மேலாளர் அல்லாதவர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள். உங்கள் மகள் மூன்றிலும் வருகிறாள். ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் மீதி மூன்று நாளும் ஆபீசுக்கு வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படி வீட்டிலிருந்து வேலை செய்யும்போது வீடும் ஒத்துழைக்க வேண்டும். இதை உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கதவு மூடுகிற ஓர் அறை, ஒரு மேசை, ஃபைபர் இணைப்பு வேண்டும். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்களே, அதற்கு இன்வெர்ட்டரும் வேண்டும். இவற்றைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். "வீட்டில்தானே இருக்கே, ரேஷன் கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா", "அத்தை வந்திருக்காங்க, வந்து ரெண்டு வார்த்தை பேசு" என்று கூப்பிடாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். பையன் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் டீ உள்ளே போகிறது, பெண் வேலை பார்த்தால் அவள் எழுந்து எல்லோருக்கும் டீ போடுகிறாள். பல வீடுகளில் இதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்க விடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. சேர்வதற்கு முன் உங்கள் மகளே ஹெச்ஆருக்கு மெயில் அனுப்பட்டும். நீங்கள் போன் செய்ய வேண்டாம், அது அவளைப் பற்றித் தவறான எண்ணத்தைக் கொடுக்கும். பணிவாக, நான்கைந்து வரியில் போதும்: "தொலைபேசியில் வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்று தெரிவித்தீர்கள், நன்றி. டிரெய்னிங் காலத்திலும் இதே முறைதானா? என் குழு சென்னையில்தான் இருக்கிறதா? அலுவலக நாள்களை யார் தீர்மானிப்பார்கள், அவை அடுத்தடுத்த நாள்களாக அமையுமா? ஷிஃப்ட் நேரம் என்ன?" குழு முழுக்க ஹைதராபாத்தில் இருந்தால், அவள் நான்கு மணி நேரம் பயணம் செய்து ஆபீசுக்குப் போய் அங்கும் வீடியோ காலில்தான் பேசப்போகிறாள். அதற்கு அந்த அலைச்சல் எதற்கு? ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடியும் என்றால் கம்பெனி கேப் தருவார்கள், ஆனால் அது சென்னை எல்லைக்குள்தான் விடும். அப்படிப்பட்ட ஷிஃப்டில் காட்பாடியிலிருந்து போய்வருவதை மறந்துவிடுங்கள், ஹாஸ்டல்தான்.

மெயிலுக்குப் பதில் வருவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்களும் உங்கள் மகளும் அந்த வழியில் ஒருமுறை போய்வாருங்கள். விடுமுறை நாளில் போனால் ஒன்றும் தெரியாது. காலை வண்டி, பார்க் டவுன், திருவான்மியூர், பேருந்து என்று அவள் போகப்போகிறபடியே போய், மாலை ஆறு மணிக்கு சோழிங்கநல்லூரில் பஸ் ஏறித் திரும்புங்கள். போன கையோடு பக்கத்தில் இரண்டு ஹாஸ்டலையும் பார்த்துவிடலாம். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள், தூங்கட்டும். மறுநாள் காலையில் அவள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஹெச்ஆர் பதில் வந்ததும் ஆஃபர் லெட்டரோடு சேர்த்து எனக்கு அனுப்பினால், பாண்டு பற்றிய வரிகளை நான் படித்துச் சொல்கிறேன்.