தீக்காக்கை ஏன் கண்ணில் படவில்லை?

அன்புள்ள ஐயா,

தீக்காக்கை என்னும் காட்டுப் பறவையைப் பார்க்க இந்த வருடம் மூன்று முறை காட்டுக்குப் போய்விட்டேன். குரல் கேட்கிறது, பறவை மட்டும் கண்ணில் படவில்லை. என்னிடம் 8-க்கு 42 பைனாகுலர் இருக்கிறது. 10-க்கு 42 வாங்கட்டுமா? போனில் அதன் குரலைப் போட்டால் வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பைனாகுலரை மாற்ற வேண்டாம். அடர்ந்த காட்டில் வெளிச்சம்தான் பற்றாக்குறை. 8 என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கில் அது 4.2 ஆகிவிடும், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

தீக்காக்கை பெரும்பாலும் உங்கள் பக்கத்திலேயேதான் இருந்திருக்கும். ஆணுக்கு வயிறு நல்ல சிவப்பு, முதுகோ காய்ந்த சருகின் நிறம். ஆள் அரவம் கேட்டதும் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். அதனால் குரல் வந்த பக்கம் நடக்காதீர்கள். நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். துடுப்புவால் கரிச்சான் சத்தம் கேட்டால் எழுந்துவிடவே கூடாது. அதோடு சிலம்பன், மின்சிட்டு என்று ஒரு பறவைக் கூட்டமே இரை தேடி வரும். அவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடிக்கத் தீக்காக்கையும் சேர்ந்துகொள்வதுண்டு.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தேன், எதிர்க் கிளையில் உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி நீல வளையம். தொண்டைக் கறுப்புக்கும் மார்புச் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது. பைனாகுலரைத் தூக்கவே மனசு வரவில்லை.

குரல் மட்டும் கேட்டதை வீண் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995-இல் கித்துல்கல காட்டில் அடையாளம் தெரியாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் பார்த்தது 2001 ஜனவரியில், சிங்கராஜ வனத்தில். 2004-இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு குரல்தான்.

அப்புறம், அந்தப் போன் விஷயம். தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துத்தான் பறவை ஓடி வருகிறது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். நமக்கு ஒரு படம் கிடைப்பதற்காக அதை அப்படி ஏமாற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

மூன்று முறையும் குரல் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது? குறித்து வைத்திருந்தால் எழுதுங்கள். எங்கே உட்காரலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்.