தனியாக இரண்டு பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்கு: உவர்மலைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். மாசியில் பயணம், மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு அப்போது பத்து மாதம் ஆகியிருக்கும், கணவர் மகன் பிறப்பதற்கு முன்பே ரொறன்ரோவுக்குப் போய்விட்டார், கூட வர ஒருவரும் இல்லை. பிளேனில் இரண்டு பேரும் சேர்ந்து அழத் தொடங்கினால் என்ன செய்வது, நித்திரைக்குப் பிரிற்றன் பாணி கொடுக்கலாமா, என்னென்ன கொண்டுவர வேண்டும், இவைதானே உங்கள் கேள்விகள். நான் உப்புவெளிக்காரி. ஸ்காபரோவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள், அதுகளைச் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு ஊருக்கும் இங்கேயுமாக அலைந்தவள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அழுகையைப் பற்றிய பயத்தை முதலில் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். பிள்ளை அழும், பிறகு ஓயும். உண்மையான சிக்கல் உங்கள் கை. மகனைத் தூக்க ஒன்று, மகளைப் பிடிக்க ஒன்று, அதோடு முடிந்தது. பாஸ்போர்ட்டை எந்தக் கையால் நீட்டுவீர்கள், பையை எந்தக் கையால் தூக்குவீர்கள்? ரிக்கெட் எடுப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒவ்வொன்றிலும் ‘இந்த நேரத்தில் என் கை எங்கே இருக்கும்’ என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால், கேட்ட கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் வாங்க வேண்டிய முதல் சாமான் மகனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை. நல்லதாக ஒன்று வாங்கி, இப்போதே வீட்டில் கட்டிப் பழகுங்கள். பத்து மாதப் பிள்ளை பழக்கமில்லாத பைக்குள் எயார்போர்ட்டில் வைத்து முதல்முறை இறங்கமாட்டான். இரண்டாவது, கழுத்தில் குறுக்காகத் தொங்கும் சின்னப் பை. பாஸ்போர்ட்டுகள், போர்டிங் அட்டைகள், குடியேற்றக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான், வேறெங்கும் இல்லை.

ரிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இதைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானம் கிடையாது, நடுவில் எங்கேயோ மாறத்தான் வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் டோஹா அல்லது துபாய் வழியாக வருவார்கள். கட்டுநாயக்கா எயார்போர்ட்டிலிருந்து அங்கே ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறக்குறைய பதினாலு மணித்தியாலம். மாறுகிற இடத்தில் மூன்று நாலு மணித்தியால இடைவெளி இருக்கிற மாதிரி, முழுப் பயணமும் ஒரே ரிக்கெட்டில் இருக்கிற மாதிரி எடுங்கள். ஒன்றரை மணித்தியாலம் என்றால் இரண்டு பிள்ளைகளோடு ஓட வேண்டும். எட்டு மணித்தியாலம் என்றால் அது தண்டனை. கொஞ்சம் காசு மிச்சம் என்று இரண்டு தனி ரிக்கெட் எடுத்துத் தரும் முகவரின் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானக்காரர் உங்களுக்குப் பொறுப்பில்லை.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மடியில்தான் வரும், அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்து வீதமளவு எடுப்பார்கள். மகளுக்குத் தனி இருக்கை. மகனுக்குத் தொட்டில் கேட்கலாம், முன்சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆனால் அந்த வரிசையில் இடம் குறைவு, ரிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். நிறைக் கட்டுப்பாடும் உண்டு, விமான நிறுவனத்தைப் பொறுத்துப் பத்துப் பதினொரு கிலோ. இன்னொன்று, விமானம் குலுங்கி இருக்கைப் பட்டி விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். அப்போதுதான் கண் அயர்ந்திருப்பான். எரிச்சல் வரும், ஆனாலும் தூக்கத்தான் வேண்டும்.

பிளேனைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள், எனக்கோ கட்டுநாயக்காவுக்குப் போகும் வழிதான் பெரிய வேலையாகத் தெரியும். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும், பிள்ளைகளுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் அதற்கும் மேலே. வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் பல இரவிலும் விடியப்புறத்திலும் கிளம்புகிறவை. கடைசி நேரத்தில் வெளிக்கிட்டு, இருட்டில் ஹபரணைக் காட்டுப் பக்கம் யானை ரோட்டில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போய், களைத்து விழுந்து பிளேன் ஏறினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? முதல் நாள் பகலிலேயே வந்து நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். அங்கிருந்து எயார்போர்ட் கிட்ட. பிள்ளைகள் குளித்து, சோறு சாப்பிட்டு, கட்டிலில் நித்திரை கொண்டு எழும்பட்டும். அந்த அறைக்காசு முழுப் பயணத்திலும் நீங்கள் செலவழிக்கிற மிக நல்ல காசு.

வழியனுப்ப வான் நிறையச் சொந்தக்காரர் வருவார்கள், வேண்டாம் என்றாலும் நிற்கமாட்டார்கள். வரட்டும். ஆனால் பத்திரகாளி அம்மன் கோயில் பூசை, நூல் கட்டுதல், கண்ணூறு கழித்தல், அம்மம்மாவின் அழுகை எல்லாவற்றையும் திருகோணமலையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். எயார்போர்ட் வாசலில் பெரியவர்கள் குழறினால் மகள் பயந்துவிடுவாள், பிறகு உள்ளே அவளைக் கூட்டிப்போவது கஷ்டம். உள்ளே நுழையும்போது ஒரு சோதனை, விமான வாசலுக்குக் கிட்ட இன்னொரு சோதனை. பிள்ளையைக் கட்டிய பையைக் கழற்றச் சொல்லலாம். தடித்த தாலிக்கொடி, கை நிறைய வளையல் எல்லாம் அந்த இடத்தில் தொல்லை. 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் பிள்ளையின் பாலுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு, நீங்களே முந்தி எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். தள்ளுவண்டி கொண்டுவந்தால், அது டோஹாவில் விமான வாசலுக்கே வருமா, நேராக ரொறன்ரோவில்தான் கிடைக்குமா என்று பெட்டி கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். மாறும் இடத்தில் துணைக்கு ஆள் தரும் சேவையும் பல நிறுவனங்களில் இருக்கிறது, முன்கூட்டியே கேட்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். நம் பெண்கள் தண்ணீர் கேட்கக்கூட யோசித்துக்கொண்டு இருப்பார்கள்.

சரி, அழுகை. கைக்குழந்தைகள் பிளேனில் அழுவதற்குப் பெரிய காரணம் காது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். நுவரெலியாவின் உயரம் ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே, நீங்கள் அங்கே பஸ்ஸில் ஏறி இறங்கியபோது காது அடைத்திருக்கும், அதே சங்கதிதான். ஏறும்போதை விட இறங்கும்போதுதான் வலி கூட. விழுங்கினால் காது திறக்கும், அதனால் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள். தரை தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், அரை மணித்தியாலத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். மகளுக்கு உறிஞ்சிக் குடிக்கிற ஏதாவது போதும். மூக்கடைப்புச் சளி இருந்தால் புறப்படுவதற்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள்.

பிரிற்றன் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஊரில் அதை நித்திரை மருந்து மாதிரி ஆளுக்காள் சொல்லிக் கொடுக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அது ஒவ்வாமைக்கான மருந்து, இரண்டு வயதுக்குக் கீழே டொக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து, தூங்குவதை விட்டுத் துள்ள வைக்கும். கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது அதைக் கண்டுபிடிக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பனடோல் பாணி, அதுவும் நிறைக்கு ஏற்ற அளவை டொக்டரிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்திருங்கள், அது போதும்.

பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்களே என்று எழுதியிருந்தீர்கள். முதல் விமானத்தில் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு, குருநாகல் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் நிறையப் பேர். அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் சின்னப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு ஏறியவர்கள். உங்கள் மகன் அழுதால் முறைக்கமாட்டார்கள், ‘இங்கே தாங்கோ’ என்று கை நீட்டுவார்கள். கொடுங்கள். நீங்கள் மலசலகூடம் போகலாம், அவர்களுக்கும் கொஞ்சம் மனம் ஆறும். இரண்டாவது விமானம் அப்படி இருக்காது, ஆளுக்கு ஆள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இருப்பார்கள், அங்கே பணிப்பெண்ணிடம் கேளுங்கள். யாராவது உச்சுக்கொட்டினால் கொட்டட்டும், அவரை நீங்கள் இனிமேல் காணப் போவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிள்ளைச் சாப்பாடு என்று குறைந்தது ஒரு நாளுக்கு முன் சொல்லி வையுங்கள். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். என் பிள்ளைகள் பிளேன் சாப்பாட்டைத் திரும்பியும் பார்த்ததில்லை. சமபோஷா, மாரி பிஸ்கற், பழகிய பால்மாவை ஒரு வேளைக்கு ஒன்றாக அளந்து கட்டிய சின்னப் பொதிகள். பம்பஸ் பயண நேரத்துக்குக் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் ஐந்தாறு. உங்களுக்கும் ஒரு மாற்றுச்சட்டை. எல்லோரும் பிள்ளைக்கு எடுப்பார்கள், தனக்கு எடுக்கமாட்டார்கள், வாந்தி வருவது தாயின் தோளில்தான்.

ரொறன்ரோவில் இறங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களைத் தனியாக ஒரு பகுதிக்கு அனுப்புவார்கள், அங்கே வரிசை இருக்கும், உங்கள் கணவர் உள்ளே வர முடியாது. ஒரு வேளைப் பாலும் இரண்டு பம்பஸும் அந்த வரிசைக்கென்று ஒதுக்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, கொண்டுவரும் நகைகளின் பட்டியல், பிள்ளைகள் உங்களோடு பயணம் செய்யச் சம்மதம் என்று கணவர் எழுதிய கடிதம், எல்லாம் கழுத்துப் பைக்குள். குளிர்ச்சட்டைகள் பெட்டிக்குள் போகக் கூடாது. மாசியில் இங்கே பூச்சியத்துக்குக் கீழேதான் இருக்கும்.

காருக்கான பிள்ளை இருக்கையை ஊரிலிருந்து வாங்கி வரவே வேண்டாம். கனடாவின் பாதுகாப்பு முத்திரை இல்லாத இருக்கையை இங்கே பாவிக்க முடியாது. இரண்டையும் கணவர் இங்கேயே வாங்கிப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். அதில் பிள்ளையைக் கட்டும்போது தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பட்டியை இறுக்கி, மேலால் போர்வையைப் போடச் சொல்லுங்கள். சட்டைக்கு மேலால் கட்டினால் பட்டி இறுகின மாதிரித்தான் தெரியும், ஆனால் மோதினால் பிள்ளை நழுவும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இதுதான் பல வீடுகளில் மனதை நோகடிக்கிறது. உங்கள் மகளுக்கு அப்பா என்றால் ஃபோன். தினமும் கண்ணாடித் திரைக்கு முத்தம் கொடுத்துப் பழகியிருப்பாள். எயார்போர்ட்டில் உயரமான ஒரு ஆள், தடித்த கோட்டோடு, அழுதுகொண்டு, கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தால் அவள் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிவாள். மகனோ அலறுவான், பத்து மாதம் என்பது தாயைத் தவிர மற்றவர்களைக் கண்டால் சிணுங்குகிற பருவம், அதோடு அவனை அவர் இன்னும் கையில் தூக்கியதே இல்லை. கணவருக்கு முகம் வாடிவிடும். ஒரு வருடத்துக்கு மேலாகத் தனியே இருந்து உழைத்த மனிதர், இந்த ஒரு நிமிடத்தை எத்தனை இரவு நினைத்துப் பார்த்திருப்பாரோ. அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: ஓடி வந்து தூக்காதீர்கள், குந்தி இருங்கள், மகள் ஃபோனில் கேட்ட பாட்டையோ பகிடியையோ அதே குரலில் சொல்லுங்கள், அவளாக வரும்வரை பொறுங்கள் என்று. சில பிள்ளைகள் காரிலேயே ஒட்டிக்கொள்ளும், சிலது ஒரு கிழமை எடுக்கும். இதற்காக நீங்கள் பிள்ளையைத் திட்டாதீர்கள், ‘அப்பாட்டப் போ’ என்று தள்ளவும் வேண்டாம்.

பிறகு இரவுகள். மாசியில் ஊருக்கும் ரொறன்ரோவுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம், பகல் அப்படியே இரவாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு மகள் எழும்பிச் சோறு கேட்பாள், ஃபோர்ட் பிரெட்ரிக்கில் மான் பார்க்கப் போவோம் என்பாள். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தால் மேலே இருப்பவர் எரிச்சல்படலாம், முதலே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பெரும்பாலானவர்கள் விளங்கிக்கொள்வார்கள். வெளிச்சத்தைக் குறைத்து, சாப்பாடு கொடுத்து, தொலைக்காட்சி போடாமல் இருங்கள். காலையில் குளிர் என்றாலும் வெயில் படும் யன்னலோரமாவது இருத்துங்கள். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்ள விடாதீர்கள். பத்து நாளில் வழிக்கு வரும். அந்த நாட்களில் சமையல், வீடு ஒதுக்குதல், விருந்தாளி எல்லாவற்றுக்கும் ‘பிறகு பார்ப்போம்’ என்ற ஒரே பதில்.

ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கு முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் வந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். ஊரில் ஒன்பது மாதத்தில் போடும் சின்னமுத்துத் தடுப்பூசியை (MMR) இங்கே கணக்கில் எடுக்கமாட்டார்கள், ஒரு வயது முடிந்தபின் திரும்பப் போடுவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாகச் சாமான். அம்மா கட்டித்தரும் பெட்டிகளை யார் தள்ளுவது என்று யோசியுங்கள், பழைய கேள்விதான், கை எங்கே? இங்கே அரிசி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எல்லாம் ஸ்காபரோக் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் வேண்டாம். கருவாடு கொண்டுவரலாம், ஆனால் கேட்கும் இடத்தில் ‘சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் பிரச்சினை. நல்லாகச் சுற்றிக் கட்டி, பிள்ளைகளின் சட்டை இருக்கும் பெட்டியில் வைக்காமல் மற்றதில் வையுங்கள். எந்த விமானம், எத்தனை மணி என்று முடிவானதும் எழுதுங்கள், மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.